காலைச் சாப்பாட்டுக்குச் சொதி

இலங்கைக்குப் போய்விட்டு வந்து பதில் சொல்கிறேன் என்று என் மருமகள் கலையரசியின் அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

அவர் பெயர் இசக்கிராஜா. மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலை வேலை பார்த்தவர். எல்லாரையும் மலையிலிருந்து இறக்கிவிட்ட பிறகு ரெட்டியார்பட்டிப் பக்கம் அடுக்குக் குடியிருப்பில் ஒரு வீடு கிடைத்துக் குடும்பத்தோடு இருக்கிறார். ஒரு மண்டபத்தில் வாட்ச்மேன் வேலை. அந்த யூனிபார்மோடுதான் சுத்தமல்லியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தண்ணீரை மட்டும் குடித்தார்.

"மதினி, நான் அவசரப்படுத்தல. என் தங்கச்சி மகன் வன்னியராஜ் திருப்பூர்ல இருக்கான்லா. எல்லாம் தெரிஞ்சுதான் கலையரசியக் கெட்டிக்கிடுதேன்னு சொல்லுதான். வருசம் திரும்பட்டும்னு காத்திருக்கான். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வது எங்கள் பக்கத்தில் எளிதில்லை. புருசன் செத்த பெண் மாமியார் வீட்டில் இருந்தால், "நான் போகிறேன்" என்று அவள் வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் கூறு கெட்டவள். "நீ போ" என்று மாமியாரும் சொல்லக்கூடாது. சொன்னால் விரட்டிவிட்டாள் என்று ஆகும். பெண் வீட்டார் தாங்களாக வந்து கூட்டிப் போனால் சண்டை என்று பேசுவார்கள். மாமியாரே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பிறந்த வீட்டில் விட வேண்டும். கொண்டுவிடுவது என்று அதற்குப் பெயர். கொண்டுவிட்ட பிறகு அந்தப் பெண் அந்த வீட்டுப் பெண். அவர்கள் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆக, எல்லாம் என் கையில் இருந்தது. நானோ காலையில் எழுந்து எந்தச் சேலையைக் கட்டுவது என்றுகூட முடிவு செய்ய முடியாதவளாக இருந்தேன்.

என் மகன் மாரிசெல்வம் பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். ஒரே பிள்ளை. கல்யாணமான மூன்றாவது மாதம், ஐப்பசி மழையில் பைக்கில் வரும்போது ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்ற லாரியில் மோதினான். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இலங்கைப் பயணம் அவன் ஏற்பாடு செய்தது. மேலப்பாளையத்தில் அகமது மீரான் என்று ஒரு தம்பி டூர் நடத்துகிறார். அவரிடம் தனக்கும் கலையரசிக்கும் சொல்லி வைத்திருந்தான். பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனான். "சும்மா எடுத்து வைம்மா, லைப்ரரில உக்காந்து உலகப் படத்தப் பாத்துக்கிட்டே இருந்தா எப்படி" என்றான். நான் ஊர்ப்புற நூலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவன் சொன்னதில் தப்பில்லை.

துக்கம் கேட்க வந்த அகமது மீரான், கிளம்பும்போது தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, அந்த ரெண்டு இடத்தையும் நான் வேற யாருக்கும் குடுக்கல. எப்பம்னாலும் வாங்க. பேரை மட்டும் மாத்திக்கிடலாம்."

மாதங்கள் போயின. வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தோம். ஒருநாள் என் கணவர் அப்பாத்துரை, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "நீயும் அவளும் போயிட்டு வாங்க" என்றார். துக்க வருடத்தில் ஊர் சுற்றப் போகிறார்கள் என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும் என்று தோன்றவில்லை. ஒன்றுமே தோன்றவில்லை. போனோம்.

மதுரையிலிருந்து கொழும்பு. விமானம் ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. அகமது மீரானே கூட வந்தார். எங்கள் கூட்டத்தில் பேட்டை கொம்பையா அண்ணாச்சியும் அவர் மனைவி தேன்மொழியும் இருந்தார்கள். பேட்டையில் இரும்புக் கடை வைத்திருப்பவர். மாரிசெல்வத்தை நன்றாகத் தெரியும். ஒரு பெட்டி முழுக்க முறுக்கும் இட்லிப் பொடியும் நார்த்தங்காயும் கொண்டுவந்திருந்தார். கொழும்பு விமான நிலையத்தில் அதைத் திறந்து காட்டச் சொன்னபோது, "எடுத்துக்கிடுங்க தம்பி, நம்ம வீட்டு முறுக்குதான்" என்று அதிகாரிக்கே ஒன்றை நீட்டினார். அந்தப் பையன் சிரித்துவிட்டுப் பெட்டியை மூடிவிட்டான்.

பார்த்த இடங்களைச் சொல்ல வேண்டுமென்றால் சொல்லலாம். கொழும்புக் கடற்கரையில் இறால் ஒட்டிய வடை தின்றோம். முழு இறால் தலையோடு வடையின் மேல் உட்கார்ந்திருந்தது. கொத்து ரொட்டிக் கடையில் இரண்டு தகடுகளால் கல்லில் தட்டுகிற சத்தம் பேட்டைப் பரோட்டாக் கடைச் சத்தத்தைப் போலத்தான் இருந்தது. ஒரு ஊரில் யானைகளைப் பார்த்தோம். கண்டியில் புத்தரின் பல்லை வைத்திருக்கிற கோயில். மண்சட்டியில் எருமைத் தயிர் வாங்கி அதன் மேல் கருப்பாக ஒரு பாணியை ஊற்றித் தந்தார்கள். பனைப் பதநீரைக் காய்ச்சினால் வருமே, அதுபோல ஒன்று; வேறு மரத்திலிருந்து எடுப்பதாம். எல்லாரும் சட்டியை வழித்தார்கள். எனக்கு இனிப்பு என்று தெரிந்தது. உப்பு இருந்தால் உப்பு என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

தேன்மொழிக்கு வெள்ளிக்கிழமை விரதம். அன்று காலை தேங்காய்ச் சம்பலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகுதான் அதில் மாசிக் கருவாட்டை இடித்துப் போடுவார்கள் என்று தெரிந்தது.

"பாவி மனுசா, நீர் முதல்லயே சொல்லக்கூடாதா?"

"எனக்கு வாசனை தெரிஞ்சுது. நீ ருசிச்சுத் திங்கியேன்னு சும்மா இருந்தேன். கடல் தாண்டி வந்துட்டா வெள்ளிக்கிழமை கிடையாதுட்டி."

"ஊருக்கு வாரும், உமக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது."

பஸ்ஸே சிரித்தது. கலையரசி சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பயணம் முழுக்க அவளுக்கு ஜன்னல், எனக்கு உள்பக்கம். இரண்டு பேரும் ஒரே அறையில் தூங்கினோம். விளக்கை அணைக்கட்டுமா என்று கேட்பாள். ம் என்பேன். அவ்வளவு பேச்சு.

நுவரெலியாவில் எல்லாரும் தேயிலைக்குள் இறங்கிப் படம் எடுத்தார்கள். "மாஞ்சோலை மாதிரியே இருக்குல்லா" என்று யாரோ சொன்னார்கள். கலையரசி பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. பிறந்து வளர்ந்த மலையை விட்டு வந்த பெண், இறங்க மனசில்லை போல என்று நினைத்துக்கொண்டு நானும் அவளைக் கூப்பிடவில்லை. தள்ளி நின்று, இவளை வைத்திருந்தால் வீட்டில் யாராவது இருப்பார்கள், விட்டுவிட்டால் மாரிசெல்வத்தின் அறையில் யார் படுப்பார்கள் என்று யோசித்தேன். அப்படி யோசித்தது அசிங்கமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. ஒரு கணக்கைப் போல இருந்தது. வந்த கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறினேன்.

கடைசியாக யாழ்ப்பாணம். நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டிலேயே தங்க ஏற்பாடு. வீட்டுக்காரம்மா பெயர் பரமேஸ்வரி. என் வயதிருக்கும். நடையெல்லாம் வேகம். காலையில் நீள மேசையில் எங்களை உட்காரவைத்து அவரே பரிமாறினார். சின்னச் சின்ன வட்டமாக இடியப்பம், சிவப்புச் சம்பல், பிறகு ஒரு பெரிய பாத்திரத்திலிருந்து மஞ்சளாக எதையோ கரண்டியில் மொண்டு ஊற்றிக்கொண்டே வந்தார்.

கொம்பையா அண்ணாச்சி முதல் வாய் வைத்ததும் நிமிர்ந்தார். "ஏ, இது மாப்பிள்ளைச் சொதிலா! என்ன வே மீரான், காலங்காத்தாலயே மறுவீட்டுச் சாப்பாடு போடுதீரு?"

சொல்லி முடிப்பதற்குள் தேன்மொழி அவர் தொடையில் கிள்ளியிருக்க வேண்டும். அவர் வாயைப் பாதியில் மூடிக்கொண்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்துப் போடும் விருந்தில் சொதிதான் முக்கியம். தேங்காய்ப் பாலில் காய்களையும் பாசிப்பருப்பையும் போட்டு, காரமில்லாமல், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலோடு. துக்கம் நடந்த வீட்டில் அதை வைப்பதில்லை. அடுத்த நல்ல காரியம் வந்துதான் அந்த வீட்டு அடுப்பில் சொதி ஏறும். எஸ்டேட்காரர்களுக்கு இந்தப் பழக்கம் கிடையாது. ஆனாலும் நாங்கள் எதிர்பார்ப்போம் என்று இசக்கிராஜா கல்லிடைக்குறிச்சியிலிருந்து சமையல்காரரை வரவழைத்துப் போட்டார். மாரிசெல்வம் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். இந்த ஊரிலோ அதைத் தினமும் காலையில் இடியப்பத்துக்கு ஊற்றுகிறார்கள்.

கலையரசியின் கை தட்டில் அப்படியே நின்றுவிட்டது. இடியப்பத்தைச் சுற்றி மஞ்சள் தேங்கியது. நான் என் தட்டைப் பார்த்தேன். எனக்கும் ஊற்றியாகிவிட்டது.

பரமேஸ்வரி அம்மா எங்கள் பின்னால் வந்து நின்றார். "என்ன பிள்ளை, சொதி பிடிக்கேல்லையோ? உறைப்புக் கூடிப்போச்சோ?"

"இல்லை அம்மா" என்றாள் கலையரசி.

"அப்ப சாப்பிடுங்கோ, ஆறப் போகுது." பிறகு என் தோளைத் தொட்டார். "மகளோ? நல்ல வடிவா இருக்கிறா. கலியாணம் கட்டிக் குடுத்திட்டியளோ?"

அவர் கேட்டதில் ஒன்றுமில்லை. கலையரசி கழுத்தில் மெல்லிய செயின், நெற்றியில் சின்ன ஸ்டிக்கர் பொட்டு. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மகள் இல்லை, மருமகள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மகன் எங்கே என்று கேட்பார். அந்தக் கேள்வி வருமுன் நான் வாயைத் திறந்தேன்.

"இன்னும் இல்ல" என்றேன். "பாத்துக்கிட்டு இருக்கோம்."

மேசையில் எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அசையவில்லை. கொம்பையா அண்ணாச்சி கையில் இடியப்பத்தோடு இருந்தார். அகமது மீரான் தண்ணீர் ஜாடியைத் தேடுவது போல எழுந்து போனார்.

பரமேஸ்வரி அம்மாவுக்கு அது ஒன்றும் தெரியாது. "எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் பாங்கில இருக்கிறான். சொல்லட்டோ?" என்று சிரித்தார்.

"எங்க பிள்ளையக் கடல் தாண்டிக் குடுக்க மாட்டோம் அக்கா" என்றார் கொம்பையா அண்ணாச்சி. அவர் குரல் வழக்கம்போல இல்லை. ஆனாலும் சொன்னார்.

நான் சொதியில் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டேன். மஞ்சளும் பச்சை மிளகாயும் இருந்தன. கலையரசி என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் சாப்பிட ஆரம்பித்தாள்.

கை கழுவுகிற இடத்தில் தேன்மொழி என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"என்ன மதினி இப்படிச் சொல்லிட்டிய? அப்பம் நம்ம மாரிசெல்வம் இல்லவே இல்லைன்னு ஆயிருச்சே."

"ஆமா" என்றேன்.

"அந்தப் பிள்ளை மனசு என்ன பாடு படும்?"

"தெரியல தேன்மொழி."

தெரியவில்லை என்பது உண்மைதான். எனக்கு என் மனசு என்ன படுகிறது என்றே தெரியவில்லை. பெற்றவள் வாயால் அவனை இல்லாமல் ஆக்கியாகிவிட்டது. ஏதாவது இடிந்து விழும் என்று காத்திருந்தேன். கையில் சோப்பு நுரை இருந்தது. கழுவினேன்.

அன்று நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் படகு. குறிகட்டுவான் துறையில் ஏறினோம். படகின் வயிற்றுக்குள் இறங்கி இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுதான் கேட்கும். கலையரசி என் பக்கத்தில் இருந்தாள். பாதித் தூரம் போனதும் கேட்டாள்.

"எதுக்கு அத்தை அப்படிச் சொன்னிய?"

"எதை?"

"பாத்துக்கிட்டு இருக்கோம்னு."

"வாயில வந்துட்டு."

"அவிய இருந்தாவன்னு சொல்லியிருக்கலாம்லா. இருந்து செத்துப் போயிட்டாவன்னு."

"சொல்லியிருக்கலாம்."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். மேலே படகின் பலகையில் யாரோ நடக்கிற சத்தம். "எனக்குக் கோவம் வந்துச்சு. உங்க மகனை நீங்களே இல்லைன்னு சொல்லிட்டியளேன்னு. அழுகை வரும்னு உக்காந்திருந்தேன்" என்றாள். "வரல. பசிச்சுது. அன்னைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் அத்தை பசிச்சுது. ஆறு இடியப்பம் தின்னேன். எனக்கே பயமா இருந்துச்சு."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இருபத்து நான்கு வயது. பல நாள் கழித்துப் பார்க்கிற முகம் போல இருந்தது.

"உங்க அப்பா வந்துட்டுப் போனாருல்லா" என்றேன்.

"தெரியும். அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"உனக்கு அந்தப் பையனப் பிடிக்குமா?"

"வன்னியராஜ் மச்சானா? தெரியாது அத்தை. சின்னதுல என்னைக் குரங்குன்னு கூப்பிடுவான். யோசிக்கவே இல்ல. யோசிக்கிறது தப்புன்னு இருந்தேன்."

"யோசி" என்றேன். "நானே உன்னைக் கொண்டுவிடுதேன். அதுக்கு அப்புறம் அவனோ வேற யாரோ, வேலைக்குப் போறியோ, படிக்கியோ, அது உன் பாடு, உங்க அப்பா அம்மா பாடு."

"விரட்டுதியளா?"

"இல்ல."

"ஊர்ல பேச மாட்டாவளா?"

"பேசுவாவ. கொம்பையா அண்ணாச்சி ஊருக்குப் போறதுக்குள்ள பேட்டை முழுக்கத் தெரிஞ்சிரும்."

படகு ஒரு அலையில் ஏறி இறங்கியபோது அவள் என் கையைப் பிடித்தாள். தீவு வந்து எல்லாரும் எழுந்தபோது விட்டாள். கோயிலில் கூட்டம். அம்மனிடம் எதுவும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து மாரிசெல்வத்தின் வருடத் திதி வரை அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஐயர் வந்தார், ஆற்றில் குளித்தோம், சோறு வைத்தோம். அது முடிந்த வாரம், "இவளக் கொண்டுவிட்டுட்டு வாறேன்" என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார். வெளியே வரும்போது கலையரசியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாப் வரை அவர்தான் தூக்கி வந்தார். அவளிடம், "தண்ணி நிறையக் குடி" என்றார்.

ரெட்டியார்பட்டிக் குடியிருப்பில் அவர்கள் வீடு இரண்டாவது மாடி. ஒரு கூடம், ஒரு அறை. நாங்கள் வருவது தெரிந்து இசக்கிராஜா அன்று வேலைக்குப் போகவில்லை. கலையரசியின் அம்மா முத்துராணி கதவைத் திறந்ததும் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். கலையரசியின் கையைப் பிடித்து முத்துராணியின் கையில் கொடுத்தேன். "உங்க பிள்ளை" என்றேன். முத்துராணி அழுதாள். இசக்கிராஜா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. காலில் செருப்பைக் கழற்றாமல் நின்றிருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது. கழற்றினேன்.

உட்கார்ந்ததும் இசக்கிராஜாதான் கேட்டார். "இலங்கைக்குப் போனியளே, அங்கன என்னம்மா பாத்தே?"

அதுவரை அவளிடம் அதை யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேட்க முடியாது.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக. வடையில் உட்கார்ந்த இறாலுக்கு மீசை இருந்ததாம். கண்டிக் கோயிலில் ஒரு கிழவர் தாமரைப் பூவை இதழ் இதழாக மடித்து அவள் கையில் வைத்தாராம். பிறகு அவள் குரல் கொஞ்சம் ஏறியது.

"தேயிலைக்காட்டுல நான் பஸ்ஸ விட்டு இறங்கலப்பா. ஆனா கொழுந்து எடுக்கிற அக்கா ஒருத்தி கூடையோட பஸ்ஸுகிட்ட வந்தா. நம்ம தமிழ்தான். நான் ஜன்னல்ல இருந்தே பேசினேன். அவ தாத்தா அம்பாசமுத்திரமாம்."

"எத்தனை கிலோ எடுக்கச் சொல்லுதானாம்?" என்றார் இசக்கிராஜா உடனே.

"கேட்டேன். சொன்னா நீங்க அழுவிய." இருவரும் லேசாகச் சிரித்தார்கள்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பக்கத்து இருக்கையிலேயே இருந்தவள் நான். நான் கண்ட பயணம் வேறு.

"ஆனைகளை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போவாவம்மா, கடைத்தெரு வழியா. ரெண்டு பக்கமும் துணிக்கடை, வளையல் கடை. நாங்க ஓரமா நிக்கோம். கொம்பையா மாமா புதுசா ஒரு தொப்பி வாங்கிப் போட்டுக்கிட்டு, ஆனைக்கு முன்னால நின்னு போட்டோ எடுக்கச் சொல்லுதாரு. ஒரு ஆனை பைய வந்து தும்பிக்கைய நீட்டி அந்தத் தொப்பியத் தூக்கிட்டுப் போயிருச்சு. மாமா பின்னாலயே ஓடுதாரு, ஏய் ஏய்னு. தேன்மொழி அத்தை சொல்லுதா, ஓடாதிரும், அதுக்காவது எடுப்பா இருக்கட்டும்னு."

முத்துராணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"இது எப்பம் நடந்துச்சு?" என்று கேட்டேன்.

கலையரசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க என் பக்கத்துலதான நின்னிய அத்தை."

"நான் பாக்கலையே."

"பாத்திய. நீங்கதான் முதல்ல சிரிச்சிய. அதைப் பாத்துட்டுத்தான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு."

நினைத்துப் பார்த்தேன். யானைகள் இருந்தன. தெரு இருந்தது. தொப்பியும் சிரிப்பும் இல்லை. அவள் பொய் சொல்லுகிற பெண் இல்லை.

முத்துராணி தேயிலைத் தண்ணீர் போட்டுக் கொண்டுவந்தாள். குடித்தேன். கலையரசி அடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள், யாழ்ப்பாணத்தில் பார்த்த ஏதோ ஒரு கிணற்றைப் பற்றி. அப்பாவும் அம்மாவும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் எழ வேண்டாம் என்று அது முடியும் வரை இருந்தேன். பிறகு தம்ளரை வைத்துவிட்டு எழுந்து செருப்பை மாட்டினேன். அவள் வாசல் வரை வந்தாள். "இறங்கும்போது பாத்து அத்தை, ரெண்டாவது படி உடைஞ்சிருக்கு" என்றாள்.

பார்த்து இறங்கினேன்.